குரல் நாண் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு: நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள்

குரல் நாணில் ஆரம்பக் கட்டப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். குணமாகுமா? பழைய குரல் திரும்புமா? இரண்டுக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் தெம்பான பதிலே சொல்வார்கள். ஆனால் ரேடியேஷன்தான் என்று முடிவானபிறகு, மூன்றாவதாக ஒரு கேள்வியையும் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு டோஸ், மொத்தம் எத்தனை நாள், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? அண்ணனின் சிகிச்சை முழுக்கக் கூடவே இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த நோயில் சிகிச்சையின் பலமே நாள் கணக்கில்தான் இருக்கிறது.

அண்ணனுக்கு முதலில் குரல் கரகரத்தது. சளி, தூசி, அதிகம் பேசியது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். வலி இல்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. இந்தப் புற்றுநோயில் ஒரு நல்ல விஷயம் உண்டென்றால் அது இதுதான்: குரல் நாணின் விளிம்பில் துளியூண்டு தடிப்பு வந்தாலே குரல் மாறிவிடும். அதனால் மற்ற பல புற்றுநோய்களைவிட முன்னதாகவே மாட்டிக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லையென்றால், அதிலும் புகைப்பழக்கம் உள்ளவராக இருந்தால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் ஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) வைத்துப் பார்த்துவிட வேண்டும். மாத்திரை மேல் மாத்திரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

பயாப்ஸியில் (திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது மேற்பரப்புச் செல்களில் தொடங்கும் புற்று, என்று வந்தது. நிலை டி1. நோய் குரல் நாணைத் தாண்டவில்லை, நாண் வழக்கம்போல அசைகிறது என்று அர்த்தம். ஒரு நாணில் மட்டும் இருந்தால் டி1ஏ, இரண்டிலும் இருந்தால் டி1பி. நாணுக்கு மேலேயோ கீழேயோ பரவியிருந்தாலும், நாணின் அசைவு குறைந்திருந்தாலும் டி2. நாண் அசையாமல் நின்றுவிட்டால் டி3. அது ஆரம்பக் கட்டக் கணக்கில் வராது.

குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் டி1 நிலையில் கழுத்து நெறிகட்டிகளுக்கு நோய் போயிருப்பது அரிது. அண்ணனுக்குக் கீமோ வேண்டாம், கழுத்து முழுக்கக் கதிர் வைக்கவும் வேண்டாம், குரல்வளையை ஒட்டிய சிறிய பகுதி போதும் என்று சொன்னது இதனால்தான். பழைய முறையில் 5 முதல் 6 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

லேசர் அறுவை சிகிச்சையும் ஒரு வழி. டி1 நோய்க்கு அதுவும் ரேடியேஷனுக்கு இணையான பலன் தருகிறது. ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும் என்பது அதன் பெரிய வசதி. அண்ணனுக்கு நோய் இரண்டு நாண்களும் முன்பக்கம் சேரும் இடத்தைத் தொட்டிருந்தது. அங்கே வெட்டினால் குரல் கெட வாய்ப்பு அதிகம் என்று இரு துறை டாக்டர்களும் பேசி ரேடியேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பது நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு டாக்டர்களையும் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

குழப்பம் தொடங்கியது சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஹாலில். அண்ணனின் அட்டையில் கதிர் கொடுக்க வேண்டியது 28 தடவை என்று எழுதியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் இதே நோய்தான், முன்பு வேறொரு இடத்தில் பார்த்தபோது 33 என்று சொன்னார்களாம். இன்னொருவருக்கு 35. அண்ணன் என் காதருகில் வந்து அந்தக் கரகரத்த குரலில் கேட்டார்.

“அவருக்கு 33 கரண்ட்டுன்னு சொன்னாங்களாம்டா. எனக்கு ஏன் 28? எனக்கு மட்டும் குறைச்சுட்டாங்களா?”

அண்ணியின் முகம் மாறிவிட்டது. குறைந்த நாள் என்றால் குறைந்த சிகிச்சை என்றுதான் யாருக்கும் தோன்றும். அன்றைக்கே டாக்டரிடம் கேட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கதிரின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரையும் உள்ளே கூப்பிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளில் இருந்ததைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் அதே ஹாலில் இன்னும் எத்தனையோ பேர் இதே சந்தேகத்தோடு, கேட்கத் தயங்கி, உட்கார்ந்திருந்தார்கள்.

கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே. பழைய வழக்கம் நாளுக்கு 2 கிரே வீதம் 33 தடவை, மொத்தம் 66 கிரே. அண்ணனுக்குத் தந்தது நாளுக்கு 2.25 கிரே வீதம் 28 தடவை, மொத்தம் 63 கிரே. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் முதல் திட்டம் ஆறரை வாரத்தைத் தாண்டும். இரண்டாவது ஐந்தரை வாரத்தில் முடியும். மொத்தத்தில் 3 கிரே குறைவு, நாளில் ஒரு வாரம் குறைவு.

இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஜப்பானின் ஒசாகாவில் நடந்தது. 1993 முதல் 2001 வரை டி1 நிலையில் இருந்த 180 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 2 கிரேயும் மீதிப் பேருக்கு 2.25 கிரேயும் கொடுத்தார்கள். நோய் சிறியதாக இருந்தால் 60 அல்லது 56.25 கிரே, பெரியதாக இருந்தால் 66 அல்லது 63 கிரே. 2006இல் முடிவு வெளிவந்தது. ஐந்தாண்டு முடிவில் அதே இடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 2 கிரே பிரிவில் 77 சதவீதம், 2.25 கிரே பிரிவில் 92 சதவீதம். பக்கவிளைவுகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. குறைந்த நாளில், குறைந்த மொத்த டோஸில், கூடுதல் பலன்.

இது எப்படி என்பதைத்தான் இயற்பியலாளர் பொறுமையாக விளக்கினார். ஒரு தடவைக்குத் தரும் டோஸ் கூடினால் அதன் தாக்கமும் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலைக் கணக்கில் சேர்த்து 2 கிரே வழக்கத்துக்கு மாற்றிப் பார்த்தால், புற்றுச் செல்களைப் பொறுத்தவரை 63 கிரே என்பது சுமார் 64.3 கிரேக்குச் சமம். அதாவது 66ஐவிட இன்னும் குறைவுதான். அப்படியிருந்தும் பலன் கூடியது என்றால் காரணம் டோஸில் இல்லை, நாளில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனதும், உயிரோடு மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். ஒரு பக்கம் இறைக்க இறைக்க இன்னொரு பக்கம் ஊறும் கிணறு மாதிரி. தலை, கழுத்துப் புற்றுநோய்களை வைத்து 1988இல் விதர்ஸ் குழுவினர் போட்ட கணக்குப்படி, நான்காவது வாரத்துக்குப் பிறகு நீளும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே இந்தப் பெருக்கத்தை ஈடுகட்டவே போய்விடும். ஒரு வாரம் முன்னதாக முடித்தால் சுமார் 4 கிரே மிச்சம்.

அப்படியானால் நாளுக்கு நிறையக் கொடுத்துச் சீக்கிரம் முடித்துவிடலாமே என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. நாள் டோஸ் கூடக் கூட, பல மாதம் கழித்து வரும் பின்விளைவுகள்தான் அதிகமாக ஏறும். நாணின் வீக்கம், குருத்தெலும்பு பாதிப்பு, திசு இறுக்கம் எல்லாம் அந்த வகை. அந்தப் பின்விளைவுக் கணக்கில் 63 கிரே திட்டம் ஏறக்குறைய 66 கிரேக்குச் சமமாக வருகிறது. அதாவது பழைய திட்டத்தைவிட ஆபத்து கூடவில்லை. 2.25 என்ற எண் ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆய்வை வைத்து எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. தென் கொரியாவில் இதே ஒப்பீட்டை 156 பேரிடம் செய்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் அதே இடத்தில் வளராமல் இருந்தது 2 கிரே பிரிவில் 77.8 சதவீதம், 2.25 கிரே பிரிவில் 88.5 சதவீதம். திசை ஒன்றுதான், ஆனால் நினைத்த அளவு ஆட்கள் சேராமல் ஆய்வை நிறுத்தியதால் புள்ளியியல்படி உறுதி கிடைக்கவில்லை. ஜப்பானில் இன்னொரு பெரிய ஆய்வில் 370 பேர். அங்கே நாளுக்கு 2.4 கிரே. டி1க்கு 25 தடவையில் 60 கிரே, டி2க்கு 27 தடவையில் 64.8 கிரே. எதிர்ப்பக்கம் வழக்கமான 66, 70 கிரே. மூன்றாண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் குறுகிய திட்டத்தில் 81.7 சதவீதம், வழக்கமானதில் 79.9 சதவீதம். முன்கூட்டி வகுத்த புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தொடவில்லை. ஆனாலும் பலனும் பக்கவிளைவும் ஒத்திருந்ததால் குறுகிய திட்டம் நடைமுறைக்கு ஏற்றது என்றே அவர்கள் எழுதினார்கள். பிரிட்டனிலோ 20 தடவையில் 55 கிரே, 16 தடவையில் 50 கிரே என்று இன்னும் சுருக்கமாகக் கொடுப்பது பல ஆண்டு வழக்கம். மான்செஸ்டரில் 16 தடவைத் திட்டத்தில் 200 டி1 நோயாளிகளைப் பார்த்ததில் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு 90 சதவீதத்துக்கு மேல். கதிர் படும் பகுதி சிறியதாக இருப்பதால்தான் இவ்வளவு சுருக்க முடிகிறது.

ஆக, 16, 20, 25, 28, 33, 35 எல்லாமே சரியான எண்களாக இருக்க முடியும். எண்ணைத் தனியாக வைத்துப் பக்கத்து நாற்காலியோடு ஒப்பிட்டால் வீண் கவலைதான் மிஞ்சும். 35 என்று சொன்னவருக்கு நோய் டி2 என்று பிறகு தெரிந்தது. டாக்டரிடம் போகும்போது மூன்று எண்களைச் சேர்த்துக் கேளுங்கள்: நாள் டோஸ், தடவை, எத்தனை வாரத்தில் முடியும். உங்களுக்கு நாளுக்கு 2 கிரே என்று திட்டம் போட்டிருந்தால், அதற்கு என்ன காரணம் என்று மரியாதையாகக் கேட்கலாம். நோய் பரவிய விதம், முன்பு எடுத்த சிகிச்சை, கதிர் படும் பகுதியின் அளவு என்று நியாயமான காரணம் இருக்கும். டி2க்கு 2.25 வீதம் 29 தடவை கொடுப்பதும் உண்டு.

சிகிச்சைக்கு முந்தைய ஏற்பாட்டில் இரண்டு விஷயம் முக்கியம் என்று நினைக்கிறேன். முதலாவது மாஸ்க். வெந்நீரில் போட்டு இளக வைத்த வலை மாதிரியான பிளாஸ்டிக் தகட்டை முகத்திலும் கழுத்திலும் போர்த்துவார்கள். சில நிமிடத்தில் அப்படியே இறுகிவிடும். ஒவ்வொரு நாளும் அதை மாட்டித்தான் மேசையில் படுக்க வேண்டும். தாடி வைத்திருந்தால் மாஸ்க் எடுப்பதற்கு முன்பே எடுத்துவிட்டு, கடைசிவரை அதே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இளைத்தாலும் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும். எடை குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதில் இந்தக் காரணமும் உண்டு. மூடிய இடம் என்றால் பயப்படுபவர்கள் மாஸ்க் எடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. கண் பகுதியை வெட்டித் திறந்து கொடுப்பார்கள், தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள்.

இரண்டாவது, தொடங்கும் நாள். எங்கள் டாக்டர் வெள்ளிக்கிழமை தொடங்க வேண்டாம், திங்கட்கிழமை தொடங்கலாம் என்றார். ஒரு தடவை கொடுத்துவிட்டு உடனே இரண்டு நாள் விடுப்பு விட என்ன அவசியம் என்றார். நானும் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு போய், நடுவில் வரும் பொது விடுமுறைகளில் மெஷின் ஓடுமா என்று கேட்டேன். ஒரு விடுமுறைக்கு ஓடாது என்றார்கள். அதற்கு ஈடான நாளை அங்கேயே குறித்து வாங்கிக்கொண்டோம். தொடங்கும் முன்பே கேட்டால் இது எளிதாக நடக்கும்.

முதல் நாள் நான் வெளியே கேமரா திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் கழுத்தின் முன்பக்கம் ஜெல் மாதிரியான ஒரு பட்டையை வைத்தார்கள். நோய் முன்பக்கம் இருந்ததால், தோலுக்கு மிக அருகில் டோஸ் குறைந்துபோகாமல் இருக்க அந்தப் பட்டை. அதனால் அந்த இடத்தில் தோல் கூடுதலாகச் சிவக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கதவு மூடியதும் டெக்னீஷியன் மைக்கில் சொன்னார்: “இப்போ ஒரு தடவை எச்சில் விழுங்கிக்கங்கய்யா. இனி நான் சொல்ற வரைக்கும் விழுங்காதீங்க.” விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்பி இறங்கும். கதிர் படும் அந்தச் சில நிமிடம் அது நிலையாக இருக்க வேண்டும். கடைசி வாரங்களில் தொண்டை எரிந்து எச்சில் சுரந்துகொண்டே இருக்கும்போது இதுதான் அண்ணனுக்குக் கடினமாக இருந்தது. முடியவில்லை என்றால் கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவதால் எந்தக் கெடுதலும் இல்லை.

நான்காவது வாரம் மெஷின் பழுதானது. கவுன்டரில் இருந்தவர், “பிரச்சினை இல்லைங்க, விட்ட நாளைக் கடைசியில சேர்த்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பப் பார்த்தார். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நான்காவது வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் என்ன ஆகும் என்று தாளில் எழுதிக் காட்டியது அதே கட்டடத்தில்தான். அந்தத் தகவல் கவுன்டர்வரை வந்து சேரவில்லை. டாக்டரைப் பார்க்காமல் போகமாட்டோம் என்று உட்கார்ந்தோம். அவர் வந்ததும் நிலைமை மாறியது. பழுது சரியான வாரமே சனிக்கிழமையும் ஒரு தடவை கொடுத்து, முடியும் தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

விட்ட நாளைக் கடைசியில் சேர்த்தால் மொத்த டோஸ் சரியாக வந்துவிடும், ஆனால் நாள் நீண்டுவிடும். இந்தப் பகுதிப் புற்றுநோயில் ஒரு நாள் நீண்டால் நோய்க் கட்டுப்பாடு சுமார் 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறையும் என்பது பல ஆய்வுகளின் மதிப்பீடு. பிரிட்டனின் கதிரியக்க மருத்துவர் கழகம் இந்த வகை நோயாளிகளை முதல் பிரிவில் வைத்து, குறித்த காலத்துக்கு மேல் இரண்டு நாளுக்கு மேல் நீளக்கூடாது என்கிறது. ஈடுகட்ட வழிகள் உண்டு. அதே மாதிரியான இன்னொரு மெஷினுக்கு மாற்றலாம். வார இறுதியில் கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு தடவை கொடுக்கலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இருக்க வேண்டும், நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் தேவை. எது சாத்தியம் என்பதை டாக்டரும் இயற்பியலாளரும்தான் முடிவு செய்வார்கள். நாம் செய்ய வேண்டியது, “முடிக்கிற தேதி மாறாம இருக்க என்ன வழி டாக்டர்?” என்று அதே நாளில் கேட்பது.

சனிக்கிழமையும் சேர்த்துக் கொடுப்பது ஏதோ அவசரத்துக்குச் செய்யும் சமாளிப்பு என்று அண்ணன் பயந்தார். டென்மார்க்கில் இதையே திட்டமிட்டுச் செய்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,476 பேரில் பாதிப் பேருக்கு வாரம் ஐந்து தடவை, மீதிப் பேருக்கு ஆறு தடவை. மொத்த டோஸ் ஒன்றே. 2003இல் வெளிவந்த முடிவில் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு 60 சதவீதத்திலிருந்து 70 ஆக ஏறியது. குரல்வளைப் புற்றுநோய் உள்ளவர்களில் குரல்வளை காப்பாற்றப்பட்டது 68இலிருந்து 80 சதவீதம் ஆனது. இதைச் சொன்னபிறகு சனிக்கிழமை அண்ணன்தான் எல்லோருக்கும் முன்னால் கிளம்பி நின்றார்.

நாள் விட்டுப்போக இன்னொரு பெரிய காரணம் நோயாளியின் உடம்பு. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தொண்டை வறளும், கோழை கெட்டியாகும், குரல் முன்பைவிட மோசமாகும். பலர் இங்கேதான் பயந்துவிடுகிறார்கள், சிகிச்சை வேலை செய்யவில்லையோ என்று. கதிர் பட்ட சவ்வு புண்ணாவதால் வரும் கரகரப்பு அது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் ஏறித்தான் இறங்கும். அண்ணனுக்குக் கடைசி வாரத்தில் தண்ணீர் விழுங்கினாலே முகம் சுளிக்கும்.

எங்களுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். வலி மாத்திரையை, வலி உச்சத்துக்குப் போனபிறகு தேடாமல், டாக்டர் எழுதித் தந்தபடி சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுத்தோம். சாப்பாடு மிதமான சூட்டில், மசித்து, காரமும் புளிப்பும் இல்லாமல். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில். அறைக் காற்று வறண்டு போகாமல் பார்த்துக்கொண்டோம். கழுத்தில் பிளேடு படக்கூடாது, வாசனைத் தைலம் எதுவும் தடவக்கூடாது, துறையில் கொடுத்த களிம்பு மட்டும். அண்ணன் குரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார். அது நாணுக்கு இன்னும் சிரமம் என்று பேச்சுப் பயிற்சியாளர் நிறுத்தினார். தேவையானதை மெல்லிய சாதாரணக் குரலில் பேசு, மற்றதை எழுதிக் காட்டு என்பது அவர் சொன்ன வழி. வைட்டமின் மாத்திரை, மூலிகைப் பொடி என்று அக்கறையோடு பலர் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒன்றைக்கூட டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

சிகரெட்டைப் பற்றி இதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. 1993இல் வெளிவந்த ஒரு கனடிய ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுவதும் மறைந்தது. புகைக்காதவர்களில் 74 சதவீதம். அவர்கள் நோய் முற்றியவர்கள்தான், ஆரம்பக் கட்டத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு நாள் கூட விடாமல் ஓடி ஓடிச் சிகிச்சை எடுத்துவிட்டு அதைப் புகையில் கரைக்க வேண்டுமா? அண்ணன் விட்டார், சுலபமாக விடவில்லை. நிக்கோட்டின் பட்டை கேட்டு வாங்கினோம். வீட்டில் யாரும் அவரைக் குத்திக்காட்டக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது மிகவும் உதவியது.

மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த நாள் டோஸுக்குப் போகும்வரை காத்திருக்கக்கூடாது. உடனே போக வேண்டும். குரல்வளை வீங்கினால் மூச்சுப் பாதை குறுகும், அதற்கு மருந்து உண்டு.

சிகிச்சை முடிந்ததும் குரல் உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அண்ணனுக்கு வாரம் வாரமாக, பிறகு மாதம் மாதமாகத் தெளிந்தது. முழுப் பழைய குரல் எல்லோருக்கும் வருவதில்லை. உரக்கக் கூப்பிட்டால் இவருக்கு இன்றும் நுனி உடைகிறது, போனில் பேசினால் வித்தியாசமே தெரிவதில்லை. முதல் ஆண்டு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கோப், பிறகு இடைவெளி கூடும். நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள்தான். முழுதாக ஆறிய குரல் திடீரென்று மறுபடி கரகரத்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் போய்க் காட்ட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையில் காப்பாற்றும் வாய்ப்பு நல்லபடியே இருக்கிறது, சிலருக்குக் குரல்வளையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் அதே இடத்தில் முழு அளவு ரேடியேஷனை மறுபடி கொடுப்பது பொதுவாக முடியாது. முதல் தடவையே சரியாக, இடைவெளி இல்லாமல் முடிய வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான்.

தைராய்டு சுரப்பியின் ஒரு பகுதியும் கதிர் எல்லைக்குள் வரலாம். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். காரணமில்லாமல் அசதி, எடை ஏற்றம், குளிர் தாங்காமை வந்தால் தைராய்டையும் நினைத்துப் பாருங்கள். கழுத்தின் இருபுறமும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் இப்போதைய ஐஎம்ஆர்டி முறையில் அவற்றில் டோஸைக் குறைக்க முடியும். வயது குறைவானவர்கள் திட்டமிடும் நேரத்திலேயே இதைக் கேட்பது நல்லது. இரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் கட்டுக்குள் வைத்திருக்கும் பொறுப்பு அதற்குப் பிறகும் தொடர்கிறது.

கடைசி நாளன்று மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். நான் கேட்டு வாங்கியது சிகிச்சைச் சுருக்கத் தாளை. மொத்த டோஸ், நாள் டோஸ், தடவை, தொடங்கிய தேதி, முடிந்த தேதி, கதிர் பட்ட பகுதி, எந்த மெஷின், நடுவில் விட்டு ஈடுகட்டிய நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சில இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். ஊர் மாறலாம், டாக்டர் மாறலாம், பத்து வருடம் கழித்துக் கழுத்தில் வேறு ஏதாவது சிகிச்சை தேவைப்படலாம், அப்போது பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். நகல் எடுத்து ஒன்றை அண்ணியிடம் கொடுத்தேன், ஒன்றை நான் வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்து இருவர் போனிலும் இருக்கிறது.